வேலையிடத்தில் நோய் தொற்றினால் முதலாளியின் பொறுப்பு என்ன? சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டுமானத் தளங்களில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஹெல்மெட், பெல்ட் பற்றிய சந்தேகத்தைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார்கள். காய்ச்சல், காசநோய், எம்சி (மருத்துவர் தரும் விடுப்புச் சான்று) பற்றிய கேள்வி மட்டும் கூட்டம் கலைந்த பிறகு ஒதுக்குப்புறமாக வரும். அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

காய்ச்சலும் சளியும் எங்கே வேண்டுமானாலும் வரும். அதற்கெல்லாம் முதலாளி எப்படிப் பொறுப்பாக முடியும்?

உலகத்தில் இருக்கிற எல்லாக் கிருமிக்கும் அவரைப் பொறுப்பாக்க முடியாதுதான். ஆனால் வேலை நடக்கும் விதத்தால் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சுலபமாகப் போகிறது என்றால் அது வேலையிட ஆபத்து. சாரத்திலிருந்து விழுவதை எப்படி ஆபத்து என்கிறோமோ அப்படித்தான் இதுவும். 2006இல் வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் பெயரிலேயே சுகாதாரம் இருக்கிறது. தொழிற்சாலை, கட்டுமானம் என்று சில துறைகளில் தொடங்கிய அந்தச் சட்டம் 2011 செப்டம்பரிலிருந்து எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. அலுவலகம், உணவுக்கடை, கிடங்கு, துணைப்பாட நிலையம் எதுவும் இதற்கு விலக்கில்லை.

நடைமுறையில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து ஊழியரைப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதைச் செய்யலாம் என்று முதலிலேயே உட்கார்ந்து யோசித்து எழுதிவைப்பதுதான் ஆபத்து மதிப்பீடு, தளத்தில் ஆர்ஏ என்பார்கள். அதைக் குறைந்தது 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும், வேலை முறை மாறினாலும் ஏதாவது சம்பவம் நடந்தாலும் உடனே பார்க்க வேண்டும். நான் பார்க்கும் ஆர்ஏ தாள்களில் உயரம், மின்சாரம், பாரந்தூக்கி எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். தொற்றுநோய் என்று ஒரு வரிகூட இல்லாத தாள்கள் இன்னும் இருக்கின்றன, அதுவும் 2020இல் கொவிட்டைப் பார்த்த பிறகு. சட்டத்தை மீறினால் நிறுவனத்துக்கு முதல் குற்றத்துக்கே 500,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், தனிமனிதருக்கு 200,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

அண்ணே, நான் நாள் சம்பளத்தில் இருக்கிறேன். எம்சி எடுத்தால் அன்றைய காசு போய்விடுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், என்னைக் கேட்டால் தொற்றுநோய்த் தடுப்பில் முக்கியமான கேள்வியும் இதுதான்.

வேலை தொடங்கும் முன் நடக்கும் காலை டூல்பாக்ஸ் கூட்டத்தில் சூப்பர்வைசர் "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். ஒரு கைகூட உயராது. பின்வரிசையில் ஒருவர் கண் சிவந்து, மஞ்சள் கையுறைக்குள் விரல் நடுங்க நின்றுகொண்டிருப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று கோபப்படுவதில் அர்த்தமில்லை. கை தூக்கினால் எத்தனை வெள்ளி குறையும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது? வேலைச் சட்டம் ஒர்க் பெர்மிட் ஊழியர்களுக்கும் பொருந்தும், நாள் சம்பளக்காரர்களுக்கும் பொருந்தும். வேலையில் சேர்ந்து 3 மாதம் ஆனால் ஆண்டுக்கு 5 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு உண்டு, மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் 15 நாள். அது மாதாமாதம் கூடி, 6 மாதம் ஆனவர்களுக்கு 14 நாளும் 60 நாளும் ஆகிறது. அந்த 60க்குள்ளேயே இந்த 14ம் அடக்கம். சட்டப்படி தனிமைப்படுத்தும் உத்தரவு வந்தால் அந்த நாள்களையும் மருத்துவமனை விடுப்புக் கணக்கில் எடுக்கலாம். எம்சி வாங்கினால் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குச் சொல்லிவிட வேண்டும், வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், பிறகு "சொல்லவே இல்லை" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

சரி, சட்டப்படி அன்றைய சம்பளம் வரும். வராமல் போவது ஓவர்டைம். அடிப்படைச் சம்பளம் குறைவாக இருந்து ஓவர்டைமில்தான் ஊருக்கு அனுப்பும் காசு நிற்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு, எம்சி நாள் என்பது நஷ்ட நாள்தான். அதன் மேல் சில இடங்களில் "முழு வருகைக்கு ஊக்கத்தொகை" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், ஒரு நாள் எம்சி போட்டாலும் மாதத் தொகை முழுவதும் போய்விடும். காய்ச்சலோடு வேலைக்கு வா என்று காசு கொடுத்துக் கூப்பிடுவதும் இதுவும் ஒன்றுதான். முதலாளி ஒருவர் தொற்றுநோயைத் தடுக்க உண்மையாகவே நினைத்தால் கிருமிநாசினி வாங்குவதற்கு முன்னால் இந்த ஊக்கத்தொகை விதியை மாற்ற வேண்டும். எம்சி நாளை வராத நாளாகக் கணக்கிடாதீர்கள், அவ்வளவுதான்.

வேலையில் சேர்ந்து 3 மாதம்கூட ஆகவில்லை. மருத்துவச் செலவு யாருடையது?

சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பு சட்டப்படி இன்னும் தொடங்கவில்லை, உண்மை. ஆனால் நீங்கள் ஒர்க் பெர்மிட்டில் இருந்தால் மருத்துவச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது பெர்மிட்டின் நிபந்தனை, அதற்கு 3 மாதக் கணக்கெல்லாம் கிடையாது. டார்மிட்டரியில் (ஊழியர் தங்குவிடுதியில்) தங்குபவர்களுக்கும், கட்டுமானம், கப்பல், ரசாயனத் தொழிற்சாலைத் துறைகளில் இருக்கும் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கும் முதலாளி பிரைமரி கேர் பிளான் என்ற அடிப்படை மருத்துவத் திட்டத்தை வாங்கியிருக்க வேண்டும், இது 2022 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அந்தத் திட்டத்தின் மருத்துவ நிலையத்துக்கு நேரில் போனால் நீங்கள் கட்டுவது 5 வெள்ளி, தொலைபேசி வழி மருத்துவரைப் பார்த்தால் 2 வெள்ளி. மருத்துவமனையில் சேர்வதற்கான காப்பீடு தனி, 2023 ஜூலையிலிருந்து வாங்கும் அல்லது புதுப்பிக்கும் காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். அதற்கு முன்பு 15,000தான்.

மாஸ்க் கொடுத்துவிட்டார்கள். அத்தோடு கடமை முடிந்ததா?

முடியவில்லை. பாதுகாப்புத் துறையில் எல்லோரும் முதல் நாள் படிக்கும் வரிசை ஒன்று இருக்கிறது: ஆபத்தை அகற்று, முடியாவிட்டால் மாற்று, பிறகு இடத்தையும் கருவியையும் சரிசெய், பிறகு வேலை முறையைச் சரிசெய், இவையெல்லாம் போதாதபோது கடைசியாக உடலில் மாட்டும் கருவி. மாஸ்க் அந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. ஆனால் வாங்குவது சுலபம், படம் எடுத்துக் காட்டுவதும் சுலபம் என்பதால் எல்லோரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

கேட்க வேண்டியவை வேறு. நோயாளி ஊழியர் வேலைக்கு வராமல் இருக்க வழி இருக்கிறதா? கன்டெய்னர் அலுவலகத்தில் ஏர்கான் போட்டு எல்லாச் சன்னலையும் அடைத்து முழுக் குழுவையும் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கூட்டம் நடக்கிறதே, அதை வெளியே நிழலில் நடத்த முடியாதா? சாப்பாட்டு நேரத்தை இரண்டாகப் பிரிக்கலாமா? கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, அல்லது சோப்புப் பெட்டி காலியாக வெயிலில் காய்கிறதா? ஒரே தண்ணீர்க் குவளையை எத்தனை பேர் வாயில் வைக்கிறார்கள்? காலையும் மாலையும் லாரியின் பின்னால் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு வருகிறார்களே, அதையும் கணக்கில் எடுத்தீர்களா?

காற்றில் பரவும் நோய் உள்ள இடத்தில் என்95 என்ற வடிகட்டும் மாஸ்க் தேவைப்பட்டால் அது முகத்தோடு ஒட்டிப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். ஈரமான மாஸ்க்கை மாற்ற இன்னொன்று வேண்டும், இந்த ஊர் வெயிலில் கான்கிரீட் போடுபவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று எப்படிப் போதும்?

மாஸ்க், கையுறை, பூட்ஸ் காசைச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கூடாது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புப் பொருளுக்கு ஊழியரின் சம்பளத்தில் கை வைக்கவே கூடாது.

தொற்றியது வேலையில் இல்லை, டார்மிட்டரியில். அப்போது முதலாளி கைகழுவிவிடலாமா?

2020இல் நடந்ததை மறக்காமல் இருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் தானாக வரும். அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோல் எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் என்ற இரண்டு விடுதிகளும் தனிமைப்படுத்தும் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன, ஏறக்குறைய 20,000 பேர் உள்ளே. அப்புறம் ஒவ்வொரு விடுதியாகப் பரவியது. டிசம்பரில் அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி விடுதிவாசிகளான 323,000 பேரில் 152,000 பேருக்கு, அதாவது 47 விழுக்காட்டினருக்கு, அதுவரை கொவிட்-19 தொற்றியிருந்தது. அவர்கள் யாரும் கவனக்குறைவாக ஊர் சுற்றியதால் இது நடக்கவில்லை. ஒரே அறையில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இரட்டைக் கட்டிலில் படுத்து, ஒரே குளியலறையை முறைபோட்டுப் பயன்படுத்தும்போது இடைவெளி விட்டு நில்லுங்கள் என்ற அறிவுரைக்கு இடமே இல்லை.

அதன் பிறகு விதிகள் மாறின. 2021இல் வந்த புதிய தரப்படி, புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர், கட்டில்களுக்கு இடையே 1 மீட்டர், அறையோடு சேர்ந்த கழிப்பறை. 2023 ஏப்ரலிலிருந்து 7 படுக்கையோ அதற்கு மேலோ உள்ள எல்லா விடுதிகளும் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. பழைய விடுதிகள் படிப்படியாக மாற 2040 வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இது நீண்ட அவகாசம் என்றுதான் நினைக்கிறேன். அதுவரை பழைய அறையில் படுப்பவரும் மனிதர்தானே?

விடுதியை நடத்துபவருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. அதனால் முதலாளியின் பொறுப்பு போய்விடாது, ஒர்க் பெர்மிட் ஊழியருக்கு ஏற்ற தங்குமிடம் கொடுப்பது அவர் கடமை. உங்கள் ஆள்கள் தங்கும் அறைக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்த்தீர்களா என்று நான் முதலாளிகளிடம் கேட்பதுண்டு.

என் மேல்கட்டிலில் படுப்பவருக்குக் காசநோயாம். எனக்கும் வந்துவிடுமா? அவரை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்களா?

முதலில் பயத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவையுங்கள். காசநோய் காற்றில் பரவும், ஆனால் பெரும்பாலும் நீண்ட நேரம் ஒரே மூடிய இடத்தில் நெருங்கி இருப்பவர்களுக்குத்தான். அவர் தட்டைத் தொட்டதாலோ கை குலுக்கியதாலோ ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தியதாலோ வராது. கிருமி உடம்புக்குள் போன எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை, பலருக்கு அது உள்ளே உறங்கிக் கிடக்கும், அந்த நிலையில் அவர்கள் யாருக்கும் பரப்ப மாட்டார்கள். ஒரே அறையில் தூங்குகிறீர்கள் என்பதால் உங்களைப் பரிசோதனைக்கு அழைப்பார்கள், இரத்தப் பரிசோதனையும் தேவையானால் எக்ஸ்ரேயும் இருக்கும். தவறாமல் போய்விடுங்கள்.

சிகிச்சை பொதுவாக 6 மாதம், சிலருக்கு அதற்கும் மேல். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில், பெரும்பாலும் 2 வாரம் அளவில், மற்றவர்களுக்குப் பரப்பும் நிலை நின்றுவிடும். மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டால் அவர் மற்றவர்களைப் போல வேலை செய்யக்கூடியவர். இதில் முதலாளி செய்ய வேண்டியது, பலதுறை மருந்தகத்தில் தாதியின் கண் முன்னால் மருந்து சாப்பிடப் போகும் நேரத்தை வேலை நேரத்திலேயே கொடுப்பது. அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடித்தால் ஆள் மருந்தை நிறுத்திவிடுவார். மருந்தைப் பாதியில் நிறுத்தினால் அது மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி வரலாம், அப்போது சிரமப்படுவது அவர் மட்டுமாக இருக்காது.

அவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்பதைச் சுகாதார அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். ஒருவரைப் பெயர் சொல்லி அவமானப்படுத்தினால் அடுத்ததாக இருமல் வருபவர் வாயே திறக்க மாட்டார்.

டெங்கிக் கொசு எங்கே வேண்டுமானாலும் கடிக்கும். அதையும் வேலையோடு சேர்க்கலாமா?

டெங்கியைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுவால் வரும் ஸிக்கா 2016 ஆகஸ்டில் இங்கே முதன்முதலாக உள்ளூரில் பரவியபோது, தொடக்கத்தில் உறுதியான 41 பேரில் 36 பேர் சிம்ஸ் டிரைவில் ஒரே கட்டுமானத் தளத்தில் வேலை செய்த வெளிநாட்டு ஊழியர்கள். அந்தத் தளத்துக்கு வேலை நிறுத்த உத்தரவு போட்டார்கள். இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நாம் தளத்தில் இருக்கும் நேரத்தில். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் போதும். அதனால் வாரம் ஒருமுறை பெயருக்குச் சுற்றி வருவது பத்தாது. லிஃப்ட் குழி, தார்ப்பாய் மடிப்பு, பாதி வெட்டிய பிவிசி குழாய், மண் தள்ளும் வண்டி, சாலைத் தடுப்பின் மேலே இருக்கும் குழி, யாரோ கவிழ்க்காமல் வைத்த ஹெல்மெட், இவற்றையெல்லாம் மழை நின்றதும் பார்க்க வேண்டும். லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், தண்ணீர் அசைவற்றுக் கிடப்பது போலத் தெரியும், கொஞ்ச நேரம் வெளிச்சத்தை ஒரே இடத்தில் வைத்தால் புழுக்கள் நெளிந்து கீழே இறங்குவது தெரியும். 2020இல் இங்கே 35,000க்கும் அதிகமானோருக்கு டெங்கி வந்தது, அந்த ஆண்டு எல்லோரும் கொவிட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டெங்கி வந்த ஊழியரும் கொசு விரட்டி தடவிக்கொள்ள வேண்டும், அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகும். இதைப் பலர் சொல்வதே இல்லை.

நான் துப்புரவு வேலை செய்கிறேன். குப்பைப் பையில் ஊசி குத்திவிட்டது. என்ன செய்வது?

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிதுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள். சூப்பர்வைசருக்குச் சொல்லிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். எச்ஐவியைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வேலை முடியட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இரத்தத்தால் பரவும் கல்லீரல் நோயான ஹெப்படைட்டிஸ் பிக்குத் தடுப்பூசி இருக்கிறது, மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் துப்புரவு செய்பவர்களுக்கு அதைப் போட்டுவிடுவது ஊசி குத்திய பிறகு பதறுவதைவிட மேல். தாதிகளுக்குப் போடுகிறார்கள், அதே அறையில் குப்பை அள்ளும் அக்காவுக்கு, அவர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் என்பதால், விட்டுவிடும் இடங்கள் உண்டு. கிருமிக்கு ஒப்பந்த நிறுவனம் எது என்று தெரியாது.

சாக்கடையில் இறங்குபவர்களுக்கு எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் ஆபத்து இருக்கிறது. முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, காயத்தை மூடும் நீர் புகாத கட்டு, வேலை முடிந்ததும் குளிக்க இடம், இவை வேண்டும். பின்னர் காய்ச்சல் வந்தால் "சாக்கடை வேலை செய்தேன்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவராக யூகிக்க முடியாது.

வேலையால் நோய் வந்தால் இழப்பீடு கிடைக்குமா?

வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் காயத்தோடு வேலையால் வந்த நோயையும் சேர்த்துக்கொள்கிறது. முதலாளியின் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் வந்தது என்று காட்ட வேண்டும். தொற்றுநோயில் கடினமே அங்கேதான். ஊசி குத்தியது, கொவிட் நோயாளியைக் கவனித்த தாதிக்குக் கொவிட் வந்தது என்றால் தொடர்பு தெளிவு. சாதாரணச் சளிக்கு எம்ஆர்டி ரயிலில் பிடித்ததா தளத்தில் பிடித்ததா என்று யார் சொல்வது? அதனால் எழுதி வையுங்கள்: எந்தத் தேதி, எந்த இடம், யாரோடு வேலை செய்தீர்கள், அந்தக் குழுவில் வேறு யாருக்கு வந்தது.

மருத்துவரின் முடிவு கைக்கு வந்த 10 நாளுக்குள் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டால் நீங்களே தெரிவிக்கலாம். கோரிக்கைக்கு 1 ஆண்டு அவகாசம். கோரிக்கை ஏற்கப்பட்டால் மருத்துவச் செலவோடு, வெளிநோயாளி விடுப்பில் 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பில் 60 நாள் வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும்.

எங்கள் வீட்டுப் பணிப்பெண் அம்மாவைக் கவனித்துக்கொள்கிறார். அம்மாவுக்குத் தொற்று. அவருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

வீட்டுப் பணிப்பெண்களுக்கு வேலைச் சட்டமும் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டமும் பொருந்தாது. மருத்துவச் செலவு, காப்பீடு இரண்டும் உங்கள் பொறுப்பு, அது அவருடைய பெர்மிட் நிபந்தனை. சட்டத்தைத் தாண்டி ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்கு என்ன நோய் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். தெரியாமலே டயப்பர் மாற்றும் பெண்ணுக்குக் கையுறையை ஏன் போட வேண்டும் என்று எப்படித் தெரியும்? அவருக்குக் காய்ச்சல் வந்தால் ஓய்வு கொடுங்கள், அம்மாவுக்கும் அதுதான் நல்லது.

புகார் செய்தால் பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட மாட்டார்களா?

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை, அதனால் தைரியமாக இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்ததற்காகவோ விசாரணையில் ஒத்துழைத்ததற்காகவோ வேலையைவிட்டு நீக்குவதும் நீக்குவேன் என்று மிரட்டுவதும் சட்டப்படி குற்றம். ஆனால் முதலாளி வேறு காரணம் சொல்லலாம். அதனால் ஆதாரத்தை முன்கூட்டியே சேருங்கள்: எம்சி, சம்பளச் சீட்டு, சூப்பர்வைசர் அனுப்பிய குறுஞ்செய்தி, அறையின் படம். அவற்றை ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள், கைப்பேசி தொலைந்தாலும் இருக்கும்.

பாதுகாப்பு, சுகாதாரக் குறைகளை மனிதவள அமைச்சின் 6317 1111 எண்ணில் சொல்லலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் எண் 6536 2692, இரவிலும் எடுப்பார்கள். எம்சி நாளுக்குச் சம்பளம் தரவில்லை என்றால் அது சம்பளப் பிரச்சினை, சர்ச்சை நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் போக வேண்டும், வேலையில் இருந்தால் சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள், வேலையைவிட்டு வந்திருந்தால் 6 மாதத்துக்குள்.

நான் சின்ன முதலாளி, ஏழெட்டுப் பேர்தான். இவ்வளவையும் எங்கிருந்து தொடங்குவது?

காசு செலவில்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். உங்கள் ஆள்களைக் கூப்பிட்டு, காய்ச்சல் என்றால் வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டேன், அதனால் யாருடைய பெர்மிட்டையும் தொட மாட்டேன் என்று தமிழிலும் வங்காளத்திலும் அவரவருக்குப் புரியும்படி சொல்லுங்கள், எழுதியும் ஒட்டுங்கள். அடுத்த எம்சி வரும்போது சொன்னபடி நடந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மீதி ஆறு பேரும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் ஆர்ஏ தாளை எடுத்து தொற்றுநோய்க்கு ஒரு பகுதி சேருங்கள். ஒரு வேலையை ஒருவருக்கு மட்டும் தெரியும்படி வைக்காமல் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்கள். கிரேன் ஓட்ட ஒரே ஆள்தான் என்றால் அவர் காய்ச்சலோடு வரத்தான் செய்வார், நீங்களும் வரச் சொல்லத்தான் செய்வீர்கள்.